குலுங்காமல்

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் சுபாஷுக்கு மலைப்பாதையின் பள்ளமெல்லாம் அத்துப்படி. முதல் பிள்ளை குறைமாதத்தில் பிறந்து இறந்தபோது, தன் ஜீப் குலுங்கியதால்தான் போயிற்று என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். யாரும் சொல்லவில்லை, அவனும் யாரிடமும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வாயைத்தான் திறக்காது.

அவன் மனைவி ஆண்டாள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவளைக் கள்ளக்குறிச்சிக்கு நத்தை வேகத்தில் இறக்கினான். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்.

திரையில் பிள்ளையின் நெஞ்சு துடித்தது. இருவருக்கும் அது போதும். டாக்டர் இலக்கியாவோ பிள்ளையை விட்டுவிட்டுக் கர்ப்பப்பை வாயை அளந்தார்.

"கொழந்த நல்லாருக்கு. ஆனா கர்ப்பப்பை வாயோட நீளம் கம்மியா இருக்கு. அது சீக்கிரமே தெறந்துக்கிச்சின்னா கொழந்த முன்னாடியே வந்துடும். ரெண்டு வாரத்துல கூட்டியாங்க, திரும்ப அளக்கணும். இன்னும் கொறஞ்சிருந்தா தையல் போடலாம்."

சீக்கிரமே திறந்துகொள்ளும் என்றது மட்டும்தான் சுபாஷின் காதில் நின்றது.

இரண்டு வாரம் கழித்து ஆண்டாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வேணாம் ஆண்டாளு. அந்த ரோட்டுல உன்னக் குலுக்க மாட்டேன். வூட்லயே படுத்துக்கினு இரு."

"அளக்கணும்னாங்களே?"

"புள்ளதான் நல்லாருக்குன்னாங்களே, அப்பறம் இன்னாத்துக்கு?"

அன்றும் ஊர்ப் பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனான். தன் பெண்டாட்டியை மட்டும் வீட்டில் பத்திரப்படுத்தினான். குடம் தூக்க விடவில்லை, சாமைச் சோற்றைக்கூட அவனே ஆக்கினான். அப்படி ஒரு பாசம். பாசத்துக்குக் கண் ஏது?

ஆறாம் மாதத்தில் ஒரு காலை, ஆண்டாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பாதைக்குப் பயந்தானோ அதே பாதையில் பள்ளம் மேடு பார்க்காமல் பறந்தான். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. பெண். பொழுது சாயும்வரை மூச்சோடு போராடிவிட்டுப் போய்விட்டது.

"ஜீப்பு குலுங்குனதாலதான டாக்டரம்மா?"

"ரோட்டால வர்றதில்லப்பா இது. அன்னிக்கே கூட்டியாந்திருந்தா தையல் போட்டுப் பாத்திருப்பேன். பொழைக்க வழி இருந்துது."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் திட்டவில்லை. சுபாஷ் சுவரோரம் குந்தி வாய்விட்டு அழுதான்.

மறுநாள், துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். மலை ஏறியதும், பழகிய கை தானாக வேகத்தைக் குறைத்து முதல் பள்ளத்தை ஒதுக்கிப் போனது.

ஆண்டாள் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"வேகமாவே ஓட்டு. இனிமே குலுங்குனா இன்னா ஆயிடப்போவுது?"