சகலையின் வண்டி

வெங்கட்டுக்கு வயிறு எரிந்தது. அதைப் பூசி மெழுகிச் சொல்வதில் பயனில்லை. உத்தனப்பள்ளியில் மாமனார் வீட்டு வாசலில் சகலை அசோக்குமாரின் வெள்ளைக் கார் வந்து நிற்கும்போதெல்லாம் எரிந்தது. பின்னால் டிக்கியைத் திறந்து அவன் பழக்கூடையை எடுக்கும்போது எரிந்தது. டிக்கியை மூடும்போது 'டப்' என்று மெத்தென ஒரு சத்தம் வருமே, அதற்கு இன்னும் கூடுதலாக எரிந்தது.

இத்தனைக்கும் மூத்த மருமகன் இவன்தான். கரியப்பனின் பெரிய மகள் வினோதாவைக் கட்டியவன். சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் தேன்கனிக்கோட்டை. ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறான். மாமனாரின் தெலுங்கும் புரியும், மாமியார் கோபம் வந்தால் பேசும் கன்னடமும் புரியும். அசோக்குமார் யார்? சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கியவன். வந்த இடத்தில் சூப்பர்வைசர் ஆனான், இளைய மகள் பூங்கொடியைக் கட்டினான், காரும் வாங்கிவிட்டான். எல்லாம் கொடுத்து வைத்த ஜாதகம் என்று வெங்கட் மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

மாமியார் நாராயணம்மா நல்லவள்தான். ஆனாலும் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு வந்தவனுக்குத்தான் களைப்பாக இருக்கும் என்று ஃபேனை அவன் பக்கம் திருப்பி வைப்பாள். லாரிப் புகையையும் ரோட்டுப் புழுதியையும் தின்றுகொண்டு பைக்கில் வந்தவனிடம், "கை கால் கழுவிட்டு வாங்க மாப்ள" என்பாள். கரியப்பனுக்கு முட்டி வலி. மாதத்துக்கு ஒருமுறை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு சின்ன மாப்பிள்ளையின் காரில்தான் போவார். முன் சீட்டில் உட்கார்ந்து, ஊரைத் தாண்டும் வரை கண்ணாடியை இறக்கியே வைத்திருப்பார். பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அந்த ஊர்வலத்தைப் பைக்கில் பின்தொடர்வது போன்ற தண்டனை வேறில்லை.

ஆகவே வெங்கட் கார் வாங்க முடிவு செய்தான். புதுசு கட்டுப்படியாகாது. பழசுதான். ஆனால் டிக்கி இருக்க வேண்டும். பின்பக்கம் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும் குட்டிக் கார்களை அவன் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஞாயிறுதோறும் மெக்கானிக் பெருமாளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பாகலூர் ரோட்டில் பார்த்தார்கள், எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் பார்த்தார்கள். கர்நாடக நம்பர் வண்டி என்றால் விலை மலிவு. பெயர் மாற்ற அங்கே ஒரு தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி ஒரு ரோடு வரி என்று அலைச்சல் இருந்தாலும், பளபளப்பைப் பார்த்தால் வெங்கட்டுக்கு எல்லாம் மறந்துவிடும்.

அப்படித்தான் ஒரு சாம்பல் நிற வண்டியில் மயங்கி நின்றான். பெருமாள் பின் சீட்டு பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். அடி நாடாவில் செம்மண் கறை கோடு போட்டிருந்தது. "பெங்களூர் மழையில முழுகுன வண்டி. கழுவி சென்ட் அடிச்சி உட்டிருக்கான்" என்றார். அடுத்து ஒரு சிவப்பு. மீட்டரில் ஓடியதோ கொஞ்சம், கிளட்ச் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. ராப்பகலாக வாடகைக்கு ஓடிய வண்டிக்கு மஞ்சள் போர்டைக் கழற்றிவிட்டு, சொந்த வண்டி மாதிரி வெள்ளைப் போர்டு மாட்டியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பெருமாள் ஒரு வார்த்தை சொன்னார். "வெங்கட்டு, நானும் எத்தினியோ வண்டி பாத்துட்டேன். உன் சகல வண்டி மாதிரி சுத்தமா வச்சிருக்கறவன் ஆயிரத்துல ஒருத்தன். அந்த மாதிரி ஒண்ணு கெடச்சா கண்ண மூடிக்கினு எடுக்கலாம்."

வெங்கட் அன்று பெருமாளுக்கு டீ வாங்கித் தரவில்லை.

அந்த வாரமே அசோக்குமார் வீடு தேடி வந்தான். கையில் கார்ச்சாவியை வைத்து உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நம்ம வண்டியக் குடுத்துரலாம்னு இருக்கேன். நீங்களும் தேடிக்கிட்டு இருக்கீங்கன்னு பூங்கொடி சொன்னா. அதான் மொதல்ல உங்ககிட்ட கேக்கேன்."

"ஏன் தம்பி, வண்டிக்கு என்னா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. கொஞ்சம் பெரிய வண்டியாப் பாக்கலாம்னுதான்" என்றான் அசோக்குமார், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி.

பெரிய வண்டி! வெங்கட்டுக்கு அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. இவன் பெரிய வண்டியில் போவான். இவன் கழற்றிப் போட்ட வண்டியில் நான் பின்னாலேயே போக வேண்டும். 'சின்னவர் ஓட்டின வண்டியைப் பெரியவர் ஓட்டுறார்' என்று ஊர் சொல்லும்.

"எனக்கு இன்னும் கொஞ்சம் புது மாடலா வேணும் தம்பி" என்று சொல்லிவிட்டான். அசோக்குமார் தலையாட்டிவிட்டுப் போனான்.

வினோதா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அந்த வண்டிக்கு என்னா கொறச்சல்? நாலு மாசமா ஊரெல்லாம் சுத்தறீங்க. நல்ல வண்டி ஊட்டுக்கே வருது, வேணாங்கிறீங்க."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கம்முனு இரு."

அவளுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் கம்மென்று இருந்தாள்.

சில நாட்கள் கழித்து, மதிய இடைவேளையில் வெங்கட்டின் போன் அடித்தது. சிங்காரப்பேட்டையிலிருந்து ராமப்பன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். குரலே மரியாதையாக இருந்தது.

"உங்க சகலையோட வண்டியப் பாத்துட்டு வந்தேங்க. எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா எங்க பக்கம் ஒரு பழக்கம். பொண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி விசாரிக்கிற மாதிரி, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியும் சொந்தக்காரங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம். உங்க நம்பர அவருதான் குடுத்தாரு. வண்டி எப்பிடிங்க?"

'தங்கமான வண்டி சார், யோசிக்காம எடுங்க.' பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது உண்மையும்கூட. ஆனால் அதற்குள் அவன் கண் முன்னால் ஒரு பெரிய கறுப்பு வண்டி வந்து நின்றது. படி வைத்து ஏறுகிற வண்டி. கரியப்பன் வலிக்கிற முட்டியைக்கூட மறந்து அதில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். இந்த வாத்தியார் வெள்ளை வண்டியை வாங்கினால்தானே அந்தக் கறுப்பு வண்டி வரும்?

"ஆளு ரொம்ப நல்லவரு சார்" என்று ஆரம்பித்தான் வெங்கட். "வண்டிதான்... சூளகிரி பாலத்துகிட்ட ஒரு வாட்டி லாரிக்காரன் பின்னாடி குத்திட்டான். அப்பறம் தட்டி பெயின்ட் அடிச்சாங்க. இப்ப பாத்தா தெரியாது. நான் சொன்னேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்."

"ஐயோ, சொல்வேனா? இந்தக் காலத்துல சொந்தக்காரன்னும் பாக்காம உள்ளத உள்ளபடி சொல்றீங்களே. நீங்க நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டு வைத்தார் வாத்தியார்.

அந்த வாழ்த்து இரண்டு நாள் வெங்கட்டின் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. பிறகு சோற்றோடு இறங்கிவிட்டது.

பொய் ஓசூரைச் சுற்றி வந்தது. வாத்தியார் புரோக்கரிடம் சொன்னார். புரோக்கர் மற்ற புரோக்கர்களிடம் சொன்னான். ராயக்கோட்டை தக்காளி மண்டிக்குப் போய்ச் சேரும்போது வண்டி லாரிக்கு அடியிலேயே போயிருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் குனிந்து டிக்கிக்குக் கீழேயே பார்த்தார்கள். 'இடிக்கவே இல்லை' என்று அசோக்குமார் சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. விற்கிறவன் வேறு என்ன சொல்வான்?

ஒரு மாலை அவன் மறுபடி வந்தான். இந்த முறை வெங்கட் கண்ணுக்கே இளைத்துத் தெரிந்தான்.

"எவனோ வண்டி இடிச்சதுன்னு கெளப்பி விட்டுட்டான்ணே. இடிச்ச வண்டி வெலைக்குத்தான் கேக்காங்க." கையிலிருந்த சாவியை ஒருமுறை உருட்டினான். "பெரிய வண்டியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அது சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னது. ஆடி மாசம் கம்பெனில எங்க லைனையே மூடிட்டாங்க. எனக்கு வேல இல்ல. பூங்கொடி சம்பளத்துலதான் ஓடுது. மாமாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

வெங்கட்டின் பார்வை சாவியின் மேலேயே இருந்தது.

"அந்த வெலைக்கு வெளிய போறதுக்கு நீங்களே எடுத்துக்கோங்க" என்றான் அசோக்குமார். நிமிர்ந்து வெங்கட்டின் முகத்தைப் பார்த்தான். "இந்த வண்டி எங்கயும் இடிக்கலங்கிறது உங்களுக்குத் தெரியும்லா?"

கொஞ்சம் மனசாட்சி உள்ளவனாக இருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பான். விழாவிட்டாலும் நியாயமான விலையாவது கொடுத்திருப்பான். வெங்கட்டுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு சந்தோஷம் வந்துவிட்டது. இனி அந்த வாசலில் கார் வந்து நின்றால் அது தன் கார். சாவியை வாங்கிக்கொண்டான்.

அன்றைக்கே மாமியாருக்குப் போன் போட்டு, எவ்வளவு மலிவாக முடித்தோம் என்று பெருமையும் அடித்துக்கொண்டான். வேலை போன விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்காகத் தன்னை நல்லவன் என்றும் நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு கிருஷ்ணகிரியில் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வெங்கட் வினோதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உத்தனப்பள்ளி எல்லையிலிருந்தே ஹாரன் அடித்தபடி வந்தான். பூங்கொடிக்கு அன்று ஷிஃப்ட். அசோக்குமார் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தான். குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். அதைப் பார்க்கும்போது வெங்கட்டுக்கு இருந்த நிம்மதி கொஞ்ச நஞ்சமல்ல.

கரியப்பன் காரைச் சுற்றி வந்தார். ஏறவில்லை.

"பெரிய மாப்ள, மண்டில ஒரு பேச்சு. இது லாரில அடிபட்ட வண்டிங்கிறாங்க. நெசமா?"

"அதெல்லாம் இல்ல மாமா. சுத்தமான வண்டி."

"சுத்தமான வண்டின்னா இவ்ளோ கம்மிக்கு எப்பிடிக் குடுத்தாரு சின்ன மாப்ள?" கரியப்பன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "தம்பி ஏமாந்தாரா, இல்ல நீங்க ஏமாத்துனீங்களா?"

குழாயில் தண்ணீர் நின்றது. அசோக்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினான். வினோதாவும் பார்த்தாள். இடிக்கவில்லை என்றால் சகலையை ஏமாற்றியவன். இடித்தது என்றால் ஓட்டை வண்டியை வாங்கிய ஏமாளி. வெங்கட் ஏமாளியாக இருப்பதே மேல் என்று முடிவு செய்தான்.

"லேசா மாமா. பின்னாடி மட்டும். சும்மா ஒரு ஒரசல்."

"அய்யய்யோ!" என்று மார்பில் கை வைத்தாள் நாராயணம்மா. "அடிபட்ட வண்டியா? அப்ப நீங்க ஓட்ட வேணாம் மாப்ள. எந்தப் பக்கம் இழுக்குமோ, எங்க நிக்குமோ. பழகுன கைக்குத்தான் தெரியும். சின்ன மாப்ளயே ஓட்டட்டும்."

கரியப்பன் வெங்கட்டின் கையிலிருந்த சாவியை வாங்கி அசோக்குமாரிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறினார். பின் சீட்டில் ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் வினோதா. நடுவில், முட்டி மார்பில் இடிக்க, வண்டியின் சொந்தக்காரன்.

"உங்க பெரிய வண்டி எப்ப வருது சின்ன மாப்ள?" என்று கேட்டார் கரியப்பன், கண்ணாடியை இறக்கியபடி.

"பாத்துக்கிட்டே இருக்கேன் மாமா."

அப்படி ஒரு வண்டியே கிடையாது என்று அந்தக் காரில் ஓட்டுகிறவனைத் தவிர வெங்கட்டுக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் வயிறு எரிந்தது.

சூளகிரி பாலத்தருகே டீக்கு நிறுத்தினார்கள். பெரியவர்கள் காரிலேயே குடித்தார்கள். வெங்கட் இறங்கிக் காலை உதறிக்கொண்டிருந்தபோது அசோக்குமார் பக்கத்தில் வந்து நின்றான். பின் கண்ணாடியில் காக்கை போட்டிருந்த எச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்தான்.

"லாரி இந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குத்துச்சா, அந்தப் பக்கமாண்ணே?"

வெங்கட் குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வாத்தியாரு உங்க பேரச் சொல்லல. சொந்தக்காரரு ஒருத்தரு சொன்னாருன்னு மட்டும்தான் சொன்னாரு." அசோக்குமார் குரலை உயர்த்தவே இல்லை. "ஆனா அவருக்கு நான் குடுத்தது ஒரே ஒரு நம்பர்தாண்ணே."

வினோதாவின் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. அவள் டீயைக் குடிக்காமல் கையில் பிடித்தபடி இருந்தாள்.

அசோக்குமார் சாவியை நீட்டினான். "இந்தாங்க. உங்க வண்டி, நீங்களே ஓட்டுங்க. இடிக்காத வண்டிதான்னு மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஓட்டுங்க. அது போதும் எனக்கு."

ஒரு வார்த்தை. சொன்னால் முன் சீட்டு. வெங்கட் சாவியைப் பார்த்தான். சகலையின் முகத்தைப் பார்த்தான். வேலை இல்லை, கார் இல்லை, பஸ்ஸில் வந்தவன். ஆனாலும் நிமிர்ந்து நிற்கிறான். இப்படி நிற்க இவனுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று அதற்கும் எரிந்தது.

"என்னா மாப்ள, கெளம்பலாமா?" என்றார் கரியப்பன் உள்ளேயிருந்து.

வெங்கட் பின் கதவைத் திறந்தான். வினோதா இறங்கி வழி விட்டாள். அவன் நடுவில் போய் உட்கார்ந்த பிறகு ஏறி, அவன் மேல் படாதபடி கதவோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். இப்போது அவனுக்கு இடம் தாராளமாக இருந்தது.

அசோக்குமார் சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே, ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி கிளம்பியது. எங்கேயும் இடிபடாத வண்டி அப்படித்தான் கிளம்பும்.