மிச்ச மாத்திரை

மஞ்சள் அங்கியை மாட்டி, முகமூடி கட்டி, நர்ஸ் நீட்டிய ரப்பர் கையுறைக்குள் விரல்களைத் திணித்துக்கொண்டு நான் உள்ளே போனதும் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னடி, தேன் எடுக்க வந்தியா?"

சிரித்துவிட்டேன். முகமூடிக்குள் சிரித்தது அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியாது. அவனைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். அவன் காலில் இருந்த கிருமி கை வழியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விடுமாம். அதனால் வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வேஷம்.

அவன் டவுன் பஸ் டிரைவர். சண்டை நெருங்கி ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, பஸ்ஸை நிரப்பிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தான். கடைசி நடையில் ரோட்டோரம் குண்டு விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே இரும்புத் துண்டு பாய்ந்தது. வழியில் ஒரு கூடாரத்தில் அதைப் பிடுங்கிக் கட்டுப்போட்டு, கையில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வகுப்பறையைப் போர்வைகளால் தடுத்து எட்டுக் குடும்பங்கள் இருந்தோம். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன கணக்கு ஒன்று இருந்தது. அதை அழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அங்கே எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டால் மீதி மாத்திரையை யாரும் விழுங்கமாட்டார்கள். அடுத்த போர்வைக்குப் பின்னால் இருமிக்கொண்டு கிடப்பவருக்கு அது போகும். உடம்பு தேறிய பிறகும் மருந்து சாப்பிடுவது, வயிறு நிறைந்த பிறகும் தட்டை நீட்டுவது மாதிரி அசிங்கமாகப் பட்டது. ஜன்னலில் ஒரு சாக்பீஸ் டப்பா இருந்தது. மிச்சம் எல்லாம் அதற்குள் விழும். சிவப்பு, மஞ்சள், பாதி உடைத்த வெள்ளை. எதிர்ப்பக்கத்து டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. யாருக்கு எந்த நிறம் கேட்டது என்று ஞாபகம் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள எங்களிடம் வேறு எதுவும் இருக்கவில்லை.

எனக்கு மார்ச்சளி கட்டி மூச்சு இழுத்தபோது அண்ணன் டப்பாவைத் தேடிப் போகவில்லை. தன்னுடைய அட்டைகளையே எடுத்து நீட்டினான்.

"உன் கால்?" என்றேன்.

"அதான் காஞ்சிடுச்சே. நீ ராத்திரி பூரா இருமி என் தூக்கத்தைக் கெடுக்கறே பாரு, எனக்கு இப்ப அதுதான் வியாதி. போடு."

போட்டேன். கொஞ்ச நாளில் எழுந்து நடமாடினேன். டப்பாவில் போட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் காலில் மூடியிருந்த தோல் தானாகவே திறந்தது. அந்த வாடை போர்வைகளைத் தாண்டிப் பரவிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"எலும்புக்குள்ள போயிடுச்சும்மா. சீழை எடுத்து, அதுல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்த்தோம். வழக்கமா குடுக்கற எந்த மருந்துக்கும் சாக மாட்டேங்குது. கேக்கறது ஒரே ஒரு ஊசி. அது கிட்னியைக் கெடுத்துட்டு வருது. காலை எடுத்துட்டா பிழைச்சுக்குவார். சீக்கிரம் எடுக்கணும்."

நான் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அதனாலதானா என்று கேட்டேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். முதல்ல கட்டுப்போட்ட எடத்துலயே ஒட்டியிருக்கலாம். இனிமே அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அவர்கிட்ட நீங்க பேசுங்க. நாங்க சொன்னா கேக்கலை."

திரும்ப அங்கியை மாட்டிக்கொண்டு போனேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

"பிரேக் போடற காலுடி இது. இடது காலைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கிளட்ச்சைக் கண்டக்டரை மிதிக்கச் சொல்லிக்கலாம்." பிறகு விளையாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே?"

சின்ன வயதிலிருந்தே அவனை வழிக்குக் கொண்டுவருவது என் வாய்தான். நான் கத்தினால் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிடுவான். அன்றும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அவன் மாத்திரையை விழுங்கித் தேறிய நான் இரண்டு காலோடு கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்படி நின்றுகொண்டு, உன் காலைக் கொடுத்துவிடு என்று எந்த வாயால் சொல்வது?

"உன் இஷ்டம்ணே," என்றேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காய்ச்சல் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஓட்டினான். "உள்ள போங்க, படியில நிக்காதீங்க," என்றான். அந்தக் காலாலேயே கட்டிலின் அடிக்கம்பியை மிதித்து மிதித்து பிரேக் போட்டான். கட்டு நனைந்தது. கடைசியில் டாக்டரிடம் சரி என்று தலையாட்டியபோது, மயக்க மருந்தை அவன் உடம்பு தாங்காது என்றார்கள். நான் அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரப்பர் வழியாகச் சூடு தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

வகுப்பறைக்குத் திரும்பி வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள்.

"கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. கதவோரத்துல இருக்கறவளோட கொழந்தைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. டப்பா காலி. அண்ணனுக்குக் குடுத்ததுல மிச்சம் ஏதாவது..."

தலைமாட்டுப் பையில் ஓர் அட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவளே அவனுக்குக் கொடுத்தது.

"இல்லை," என்றேன்.

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்துபோனாள். அந்த அறையில் இல்லை என்று சொன்ன முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். குழந்தையின் அம்மாவிடம் போய், "கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன். அவள் டப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே வந்தாள்.

பஸ்ஸில் முன்சீட் கிடைத்தது. யாரோ ஒரு டிரைவர், மீசை நரைத்தவர். குழந்தை என் மடியில் கிடந்தது. அதன் சூடு என் வெறுங்கையில் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் தாண்டியதும் இறக்கம். பஸ் வேகமெடுத்தது. என் வலது கால் தானாகவே தரைத்தகட்டை மிதித்தது. "என்னக்கா?" என்றாள் அவள். இறக்கத்தின் அடியில் சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் காலை எடுக்கவில்லை.