இடப்பக்கமே திரும்பும் வண்டி

இடப்பக்கமே திரும்புகிறது வண்டி, வளைவில் மூக்கை உள்ளே இழுத்து, பின்பக்கத்தை வெளியே அலையவிட்டு, மறுபடி நேராகி, வரிசையாக வைத்த தார் டின்களை ஒட்டிக்கொண்டே போய், அந்தக் கோடியில் வெயில் நெளிகிற இடத்தில் கரைந்து, கரைந்ததே திரண்டு சிவப்பாக இந்தப் பக்கம் வருகிறது, மட்கார்டு கிடையாது, கூரை கிடையாது, நாலு சக்கரமும் வெளியே தெரிய நடுவில் தொட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி ஒரு ஆள், தலை மட்டும் தெரிகிற ஆள், சென்னியப்பன், அவள் வீட்டுக்காரர், முப்பது வயதுக்காரரா எண்பதை நெருங்குகிறவரா என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை, ஹெல்மெட்டுக்குள் போய்விட்டால் எல்லா வயதும் ஒன்றுதான், சத்தமும் அதே சத்தம், காதை அடைத்து நெஞ்சுக்குள் இறங்குகிற சத்தம், ஒரே ஒரு சுத்துத்தானுங்கம்மா, சும்மா மரியாதைக்கு, கொடி காட்டுனதும் நிப்பாட்டிருவாருங்க என்று காலையில் சொன்னார் பழைய ரேஸ் வண்டிகளைத் தேடிப் புதுப்பிக்கிற சங்கத்தின் செயலாளர், கட்டம் போட்ட கொடியை அவரேதான் ஆட்டினார், வண்டி கொடியைத் தாண்டிப் போனது, மறுபடி வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது.

அக்கா, மச்சான் நிக்க மாட்டாராட்ட இருக்குது என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் தம்பி நாச்சிமுத்து, பல்செட்டைச் சரிசெய்துகொண்டே சிரித்தான், இந்த வண்டியைச் செய்தவன் அவன்தான், லேத்துப் பட்டறையில் பழைய எஞ்சினை வைத்து, குழாய்களை வளைத்து, ஊரெல்லாம் தகரம் தேடித் தட்டிச் செய்தது, இந்தச் செங்காளிபாளையத்து மேட்டில் யுத்தத்துக்காக வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன விமானத்தளம் சும்மாதானே கிடக்கிறது என்று நீள்வட்டமாக டின்களை வைத்து ரேஸ் விட ஆரம்பித்ததும் அவனும் அவன் சிநேகிதர்களும்தான், அப்போது அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், கல்யாணமாகி வந்த வருசம், புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள், புழுதி, பெட்ரோல் நாற்றம், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிற ஜனம், ஏனுங்க, எங்கியும் போகாம சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வர்றதுக்கா இத்தன பெட்ரோலு என்று வீட்டுக்காரரைக் கேட்டாள், அதுக்கு அவர், நீ தெனமும் கோலம் போடறயே, அது எங்க போகுது என்றார், அப்படிப் பேசுகிற மனுசனாகத்தான் இருந்தார்.

கை காட்டுகிற வேலை அவளுக்கு வந்தது அப்போதுதான், ஓட்டுகிறவனுக்கு வெளியே நடப்பது எதுவும் தெரியாது, பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், டயர் என்ன ஆகிறது, எப்போது உள்ளே வர வேண்டும், எல்லாம் ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும், கத்தினால் கேட்காது, நாச்சிமுத்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்வான், அவள் கையால் சொல்வாள், உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் மெதுவாகப் போ, முன்னால் வீசினால் விரட்டு, கையை நேரே தூக்கி நிறுத்தினால் உள்ளே வா, ஏனுங்க மச்சான், ஒரு பலகை எழுதிப் புடிச்சாப் பத்தாதா, எங்க அக்காள வெயில்ல நிக்க வெக்கறீங்களே என்று நாச்சிமுத்துவின் பெரியப்பா மகன் ஒருவன் கேட்டபோது சென்னியப்பன் சொன்னார், அங்க ஊரே கைய ஆட்டிட்டு நிக்குது, எனக்கு இவ கை ஒண்ணுதான் தெரியும்.

அந்தக் கை, அந்தக் கையைத்தான் அவள் இப்போது சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருக்கிறாள், தோல் சுருங்கி, முட்டி வீங்கி, வண்டி முன்னால் வருகிறது, ஹெல்மெட் அவள் பக்கம் திரும்புகிறது, போகிறது, அன்றைக்கும் இப்படித்தான் திரும்பியது, பஞ்சு மில் முதலாளி குடை பிடித்து வந்து நின்ற நாள், இன்னிக்கு ஜெயிச்சுக் காட்டு சென்னியப்பா, மெட்ராஸ் ரேஸுக்கும் கல்கத்தா ரேஸுக்கும் நானே அனுப்பி வெக்கறேன், வண்டி எம் பொறுப்பு என்றிருந்தார், வீட்டுக்காரரும் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார், பின்னால் வந்த நீல வண்டி நன்றாகப் பின்தங்கியிருந்தது, இடப்பக்கமே திரும்புகிற ஓட்டத்தில் வண்டியின் பாரமெல்லாம் வலப்பக்கம் சாயும், வலப்பக்க டயர்தான் தேயும், அது நாச்சிமுத்து சொல்லி அவளுக்குத் தெரியும், ஆனால் அந்தச் சத்தத்தை யாரும் சொல்லவில்லை, அவளுக்குத்தான் கேட்டது, கம்பளியைக் கிழிக்கிற மாதிரி, வளைவில் மட்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாக.

நாச்சிமுத்து, டயரு சத்தம் வேற மாதிரி இருக்குது பாரு என்றாள், காத்துச் சத்தம்க்கா என்றான், இல்லடா, வலப்பக்கத்து டயரு, கிழியுது, கூப்புடலாமா என்றாள், உனக்குப் பைத்தியமா, இன்னும் கொஞ்சந்தான், கைய கீழ போடு, நான் சொல்றப்பத் தூக்கு என்றான், அவள் கீழே போட்டாள், வண்டி போனது, அந்த வளைவு, கம்பளி கிழிந்தது, கல்யாணமாகி முதல் வருசம், வயிற்றில் பிள்ளை வேறு, நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்துக் குனிந்திருந்தான், அவள் கையைத் தூக்கி நேரே நிறுத்தினாள்.

அவர் வந்துவிட்டார், ஒரு யோசனையும் இல்லாமல், முன்னால் போய்க்கொண்டிருந்த மனுசன் ஓரம் கட்டி உள்ளே வந்து நிறுத்திவிட்டார், நீல வண்டி ஊளையிட்டுக்கொண்டு தாண்டிப் போனது, நாச்சிமுத்து ஓடிப்போய் டயரைத் தடவினான், சூடுதான், நூல் தெரியல, ஒண்ணும் தெரியல, இன்னும் ஓடியிருக்கும் மச்சான், எதுக்கு வந்தீங்க என்று அழுகிற மாதிரிக் கத்தினான், டயர் மாற்றிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது, மில் முதலாளி குடையை மடக்கிக் காருக்குள் வைத்து ஏறிப் போய்விட்டார், ஊர் சொன்னது, பொண்டாட்டி கூப்புட்டா ரேஸுலயும் பிரேக் அடிப்பான் பாரு சென்னியப்பன், சந்தையில் சொன்னது, கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னது, அந்த டயரை நாச்சிமுத்து பஞ்சு ஏற்றுகிற டிரெய்லருக்கு மாட்டினான், வெடிக்கவே இல்லை அது, வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பான், அக்கா, உன்ற டயரு இன்னுஞ் சாகலக்கா, வந்து பாத்துட்டுப் போ.

அவர் மட்டும் சொல்லவில்லை, அன்று ராத்திரி கை கழுவி வந்து உட்கார்ந்து சோத்தப் போடு என்றார், அவ்வளவுதான், அதற்கப்புறம் ரேஸ் இல்லை, பம்ப்செட் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற பட்டறை, அந்தக் கம்பியும் சுற்றிச் சுற்றித்தான் போகும், குனிந்தே இருப்பார், கோலம் எங்கே போகுது என்று கேட்ட வாய் எங்கே போனதோ, ஒரு தரமாவது திட்டியிருக்கலாம், ஏண்டி கூப்பிட்டாய் என்று கேட்டிருக்கலாம், கேட்டால் சொல்ல வாயில் வைத்துக்கொண்டே இருந்தாள், சத்தம் கேட்டுச்சுங்க, உங்கள எமனுக்குக் குடுக்கறதுக்கு நான் கட்டிக்கிட்டு வர்லீங்க, அது பழசாகி, புளித்து, வாயிலேயே கரைந்தும் போனது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து அவரவர் ஊருக்குப் போனார்கள், அவளுக்கு மிச்சமானது நிறுத்துங்க என்று சொல்கிற உத்தியோகம் ஒன்றுதான், பீடியை நிறுத்துங்க, உப்பை நிறுத்துங்க, மாடி ஏறறதை நிறுத்துங்க, அடைப்புக்கு நெஞ்சுக்குள்ள கம்பி வெச்சிருக்குது தெரியுமில்ல, அவரும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார், ஒரு வாக்குவாதம் இல்லாமல், அதுதான் அலுப்பு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுசனோடு இத்தனை காலம் வாழ்ந்த அலுப்பு.

அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்கம்மா, ஆம்புலன்ஸ ரெடி பண்ணச் சொல்லிட்டேன், கொடிய ஆட்டி ஆட்டி எங் கையே உழுந்துரும்போல இருக்குது என்று செயலாளர் வேர்த்துப்போய் வந்து நிற்கிறார், நாச்சிமுத்து சொல்கிறான், அட, அக்கா கையத் தூக்குனாப் போதுமுங்க, உலகத்துல வேற யாரு சொன்னாலும் அந்த ஆளு நிக்காது, தூக்கக்கா, அன்னிக்கு யாரக் கேட்டுத் தூக்குனே, இன்னிக்கு நாங்க கேக்கறோம், தூக்கு, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளுக்கும் தெரியும், தூக்கினால் வந்துவிடுவார், இந்தச் சுற்றிலேயே வந்துவிடுவார், அவர் நெஞ்சுக்குள் கம்பி என்ன பாடு படுகிறதோ, வளைவில் திரும்புகிறார், வருகிறார், கை தானாகவே எழப் பார்க்கிறது, அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள், ஒரே ஒரு தரம், ஆசை தீர ஒரே ஒரு தரம், இந்தத் தடவை கூப்பிட்டது நானாக இருக்க வேண்டாம், வேணாங்க, பெட்ரோலு தீரட்டும் என்றாள், என்னக்கா சொல்றே என்றான் நாச்சிமுத்து, சிரிப்பு போய்விட்டது அவனுக்கு, ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா, ஆவட்டும்டா என்றாள், சொன்னது தன் குரல்தானா என்றிருந்தது, ஹெல்மெட் திரும்பி அவளையே பார்த்தபடி போனது, அடுத்ததிலும் பார்த்தது, கொஞ்சம் மெதுவாகி, ஏதோ கேட்கிற மாதிரி, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சத்தம் இருமியது, விக்கியது, அந்தக் கோடி வளைவில் நின்றேபோனது, இத்தனை அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை, எல்லாரும் ஓட ஆரம்பித்தார்கள், அவர்கள் டின்களை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ஓட, அவள் நடுவில் இறங்கி, புல்லும் நெருஞ்சியுமாகக் கிடந்த வெற்றிடத்தைக் குறுக்கே கடந்து நடந்தாள், முட்டி வலித்தது, செருப்பு ஒன்று கழன்றுபோனது, எடுக்கவில்லை, அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உயிரோடு இருந்தார்.

ஏன் கை காட்டல என்றார்.

ஓட்டுங்கன்னு உட்டுட்டனுங்க.

ஓட்டறதா, இடுப்பு கழண்டு போச்சு, காலு மரத்துப் போச்சு, எப்பக் கூப்புடுவே எப்பக் கூப்புடுவேன்னு ஒவ்வொரு சுத்துக்கும் பாக்கறேன், நீ கைய மடக்கி வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருக்கறே, எம்மேல கோவமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.

கொடி காட்டுனாங்களே, பாத்து நிப்பாட்ட வேண்டியதுதான.

கொடிய நான் என்னிக்குப் பாத்திருக்கறேன் என்றார் சென்னியப்பன், எரிச்சலாக, சின்ன விசயத்தைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறதே என்கிற மாதிரி.

அன்னிக்குக் கூப்புட்டனே, முதலாளி வந்திருந்தாரே, அது என்றாள் அவள்.

அன்னிக்கு என்ன, நீ கூப்புட்டே, வந்தேன் என்றார், அதுல என்ன இருக்குது இப்ப, புடி, எந்திரிக்க முடியல.

நீட்டிய கையைப் பிடித்தாள், இழுக்கத் தெம்பில்லை அவளுக்கு, அவருக்கும் இல்லை, தூரத்தில் நாச்சிமுத்துவும் மற்றவர்களும் கத்திக்கொண்டே வந்துகொண்டிருந்தார்கள், இருங்க, அவுங்க வரட்டும் என்று சொல்லிவிட்டு, கையை விடாமலே, சூடு ஆறாத சக்கரத்தின் மேல் சேலையை ஒதுக்கி உட்கார்ந்துகொண்டாள்.