வெட்டிவேர்த் தட்டி கட்டிய கார்

1

ஒரு பழைய காரின் பின்மூடியில், காற்றுக்காக விட்ட கீற்றுத் திறப்புக்குள் வெட்டிவேர்த் துணுக்கு ஒன்று சிக்கியிருந்ததைப் பார்த்தேன். இந்தக் கதைக்கு அவ்வளவுதான் ஆதாரம். மீதியெல்லாம் நான் கட்டியது.

1948, சித்திரை மாத வெயிலில் மயிலாப்பூர்...

(வேண்டாம். வெயிலை எல்லோரும் எழுதிவிட்டார்கள். காரிலிருந்தே தொடங்குகிறேன்.)

2

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் சுவாமிநாதன் வாங்கிய கார் அது. எஞ்சின் பின்னால். முன்னால் இருந்தால் ஓடுகிற ஓட்டத்தில் எதிர்க்காற்று தானே வந்து மோதும். பின்னால் இருப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூடியின் திறப்புகள் வழியாக விசிறி காற்றை உள்ளே இழுக்கும். காற்று சூட்டை வாங்கிக்கொண்டு அடிப்பக்கமாக வெளியேறும். வர ஒரு வழி, போக ஒரு வழி.

[இங்கே ஒரு படம் போட ஆசை. பதிப்பாளர் விடமாட்டார்.]

3

அந்தத் திறப்புகளின் மேல் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டியவள் அஃப்சருன்னிசா. சாந்தோம்காரி, சுவாமிநாதனின் மனைவி ஜானகிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி.

"வூட்டு ஜன்னலுக்குக் கட்றோம், இதுக்குக் கட்னா இன்னா? பாவம், இதுக்கும் வேர்க்குதுல்ல?" என்று சொல்லித் தண்ணீரும் தெளித்தாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி மட்டும் கார் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. அஃப்சர் புருஷனோடு கராச்சிக்குப் புறப்படும் நாள் வந்தது. பம்பாய் வரை மெயில் ரயில், பிறகு கப்பல். ஜானகியும் சுவாமிநாதனும் வழியனுப்பச் சென்ட்ரலுக்குப் போன கார், ராயப்பேட்டை மணிக்கூண்டருகே தீய்ந்த வாசனையோடு நின்றுவிட்டது.

"தட்டி காஞ்சுடுத்து. தண்ணி விட்டா குளிர்ந்துடும்" என்றார் சுவாமிநாதன்.

ஜானகி தட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஈர வேரில் தெருப்புழுதி அப்பிச் சுவராகியிருந்தது.

"ஏன்னா, மூக்கைப் பொத்திண்டு ஓடச் சொன்னா எது ஓடும்?"

"அப்போ பிச்சு எறி. மூடியைத் திறந்து வெச்சுண்டே ஓட்டறேன்."

(கூடாது. மூடி திறந்திருந்தால் அடியில் போன அனலையே விசிறி மறுபடி இழுத்துக்கொள்ளும். நின்றிருக்கும்போது திறந்து ஆறவிடலாம். ஓடும்போது மூடித்தான் ஆக வேண்டும். இதை அவரிடம் சொல்ல எனக்கு வழியில்லை.)

ஜானகி பிய்க்கவில்லை. அஃப்சர் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எஞ்சின் ஆற மூடியைத் திறந்துவிட்டு, தட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

4

முதல் முடிவு: ஜானகி பிளாட்பாரத்தில் ஓடிப்போய் ஜன்னல் கம்பி வழியாக அஃப்சரின் கையை...

இரண்டாவது: மெயில் போய்விட்டது. கூலிக்காரர் ஒருவர், "இப்பத்தாம்மா போச்சு..."

இரண்டையும் அடித்துவிட்டேன். நான் எந்த முடிவைக் கட்டினாலும் அது காற்றை அடைக்கிற இன்னொரு தட்டிதான்.

மூடியைச் சாத்தியாயிற்று. "இப்போ போட்டுப் பாருங்கோ" என்கிறாள் ஜானகி. சாவியை உங்கள் கையில் கொடுக்கிறேன்.