வெர்னா ஓட்டிய வேன்

வெர்னா டக்கெட் பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரு முறைகூட வேறு கட்சிக்கு வாக்களித்ததுமில்லை. அலபாமாவின் கார்லன் க்ரீக்கில் பழமைவாதக் கட்சியின் மகளிர் அணிக்கு ஒன்பது வருடமாக அவள்தான் தலைவி. அந்த அக்டோபரில் அவள் வீட்டுப் புல்வெளியில் நட்டிருந்த பிரசாரப் பலகையில் கணவனின் தம்பி ராய்ஸின் பெயர் இருந்தது. அண்ணன் இறந்த வருடம் அவள் வீட்டுக்கு வந்து, கூரை முழுவதையும் தன் கையால் மாற்றிக் கொடுத்தவன் ராய்ஸ். அவள் போகும் பாப்டிஸ்ட் சபையில் பாஸ்டருக்கு உதவும் டீக்கன். இப்போது கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், கமிஷனர் பதவிக்கு நின்றான். அவனுக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினாள் வெர்னா.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வேனையும் அவள்தான் ஓட்டினாள். கோழி ஆலைக்குப் பின்னால் இருந்த, சக்கரம் வைத்த ட்ரெய்லர் வீடுகளிலிருந்து ஒன்பது பிள்ளைகளை, பைபிள் கற்பிக்கும் ஞாயிறு பள்ளிக்கு ஏற்றி வருவாள். பெற்றோர் குவாத்தமாலாக்காரர்கள், ஆலையில் கோழி வெட்டுகிறவர்கள். யாரிடம் குடியேற்றக் காகிதம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று அவள் கேட்டதில்லை.

ராய்ஸின் நோட்டீஸில் முதல் வரியே, காகிதம் இல்லாதவர்களைக் கவுண்டியை விட்டுத் துரத்துவேன் என்பதுதான். அந்த ட்ரெய்லர்களுக்கு முன்னால் வேன் நிற்பதை யாரோ படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். மறுநாளே ராய்ஸ் அவள் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணி, அந்தப் பக்கம் வேன் போக வேணாம். தேர்தல் முடியிற வரைக்குமாவது.”

“முடிஞ்சப்புறம் போலாமா?”

அவன் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான். “எல்லையில வேலி வேணும்னு மேடையில பேசினது நீங்கதானே?”

“பேசினேன். இப்பவும் வேணும்னுதான் சொல்றேன். அது நாட்டுக்கு. சபை வாசல்ல வேலி போடுன்னு உனக்கு யார் சொன்னது?”

“ஜனங்க கேக்குறாங்க.”

“ஜனங்க கேக்குறதையெல்லாம் செய்யுறதுக்கா உன்னை டீக்கனாக்கினோம்?”

இனிப்புத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவன் எழுந்து போனான்.

புதன்கிழமை சபையார் கூட்டத்தில், முன்பே அறிவித்திருந்த தீர்மானம் வந்தது: வேன் இனி உறுப்பினர் குடும்பப் பிள்ளைகளுக்கு மட்டும். இன்ஷூரன்ஸ் சிக்கல் என்றான் ராய்ஸ். பாஸ்டர் ஸ்டோக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் அறுபத்தைந்து பேர். எல்லாரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பவர்கள். அதில் பாதிப் பேர் வெர்னாவின் கல்யாணத்துக்கு வந்தவர்கள். கண்ணாடி முன்னால் மூன்று நாள் சொல்லிப் பார்த்த பேச்சு, எழுந்து நின்றதும் அவளுக்கு மறந்துபோனது. வேன் சாவியை எடுத்து முன் மேசையில் வைத்தாள்.

“இன்ஷூரன்ஸ் காகிதத்தை நான் படிச்சேன். யாரு பெத்த பிள்ளைன்னு அதுல கேக்கல.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“தீர்மானம் ஜெயிச்சா நான் கட்டுப்படுறேன். ஆனா ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளைங்க குளிச்சு, தலை வாரிக்கிட்டு ரோட்டோரம் நிப்பாங்க. இனிமே வேன் வராதுன்னு யாராவது போய்ச் சொல்லணும். அந்நியனைச் சேத்துக்கச் சொன்ன ஆண்டவரோட பேரைச் சொல்லிச் சொல்லணும். என்னால முடியாது. போறவங்க இந்தச் சாவிய எடுத்துக்குங்க.”

எல்லார் பார்வையும் ராய்ஸ் பக்கம் திரும்பியது. அவன் சாவியைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான்.

அப்போது ஹோரஸ் பிக்கன்ஸ் எழுந்தார். முன்னாள் ராணுவக்காரர்; சாவு வீட்டுக்கும் கட்சித் தொப்பி போட்டுக்கொண்டு போகிறவர். அன்று காலைதான் பெட்ரோல் பங்கில் வெர்னாவைப் பார்த்துத் துரோகி என்றிருந்தார். அவர் மேசைக்கு நடந்து சாவியை எடுத்ததும், பிள்ளைகளிடம் போய்ச் சொல்லப்போவது இவர்தான் என்று வெர்னா நினைத்தாள்.

“பிரதர் ராய்ஸ், என் ஓட்டு உங்களுக்குத்தான்,” என்றார் ஹோரஸ். “ஆனா இந்த வேலை என்னால ஆகாது. இருபது வருஷமா ஞாயிறு பள்ளியில பாடம் எடுத்துட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைங்ககிட்ட சொல்றது?” சாவியை வெர்னாவின் கையில் வைத்தார். “காலையில பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க, சிஸ்டர்.”

பாஸ்டர் இப்போதுதான் நிமிர்ந்தார். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். பதினான்கு பேர். எதிர்ப்பவர்கள் என்றதும் நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கூடம் முழுக்க எழுந்து, அடங்க நேரமானது. ஐம்பத்தொரு பேர். ராய்ஸின் மனைவி லூரலின்தான் முதல் ஆளாக எழுந்து நின்றிருந்தாள்.

வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் ராய்ஸ் காத்திருந்தான். “என் பலகைய எடுத்துருவீங்களா, அண்ணி?”

“எடுக்கமாட்டேன். ஆனா ஜெயிச்சு வந்து அந்தக் குடும்பங்களத் தொட்டா, அடுத்த தடவை உன்னை எதிர்த்து நிக்கிறது நானாத்தான் இருக்கும்.”

அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த வாரம் அச்சான நோட்டீஸில் அந்த முதல் வரி இல்லை. மகளிர் அணி மட்டும் அவளைத் தலைவி பதவியிலிருந்து நீக்கிக் கடிதம் அனுப்பியது. படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கூட்டத்துக்கு அடுத்து வந்த ஞாயிறு ரோட்டோரத்தில் பதினேழு பிள்ளைகள் நின்றார்கள். சில தாய்மார்களும் இஸ்திரி போட்ட உடுப்பில் தயங்கி நின்றார்கள். செய்தி எப்படியோ போயிருந்தது. வேனில் இடம் போதவில்லை. என்ன செய்வதென்று வெர்னா திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஹோரஸின் காரும், அதற்குப் பின்னால் லூரலினின் காரும் வந்து நின்றுகொண்டிருந்தன. ஹோரஸ் இறங்கி, ஒரு தாய்க்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

மூன்று வண்டிகளும் கார்லன் க்ரீக்கின் பிரதான வீதி வழியாக, நீதிமன்றத்தையும் கட்சி அலுவலகத்தையும் கடந்து, ஊரே பார்க்க மெதுவாகப் போயின. வெர்னா ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பாடச் சொன்னாள்.