சத்தியம் வாங்க வேண்டியவர்

"கையைத் தூக்கிப் பிடிங்கக்கா, ஐயாவால முடியாது" என்று குமாஸ்தா சொன்னதும், மகள் அப்பாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். ராணுவ மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு நேரம், வார்டில் ஆளில்லை.

"அதிகாரி எங்கே?"

"சார் சாப்பிட்டுட்டு வருவாரு. சத்தியத்தை நான் சொல்லச் சொல்ல ஐயா திருப்பிச் சொல்லட்டும். அவர் வந்து கையெழுத்து போட்டுடுவாரு. எப்பவும் நடக்கறதுதான்."

எப்பவும் நடப்பதுதான் அப்பாவின் முகாம் அலுவலகத்திலும் நடந்தது. அப்பா அங்கே குமாஸ்தா. துப்பாக்கி காணாமல் போன விசாரணையில், சாட்சிகளிடம் சத்தியம் வாங்க வேண்டிய அதிகாரி பந்தாடப் போய்விட்டார். அப்பாவே வாங்கினார். அதிகாரி சாவகாசமாக வந்து, தன் முன்னால் நடந்ததாகக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா வாங்கிய சத்தியம் சட்டப்படி செல்லாது. அந்தச் செல்லாக்காசை வைத்து ஒரு சமையல்காரனை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆறு வருடமாக அங்கேதான் கிடக்கிறான். பாவி மனுஷன், அப்பா பயத்தில் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது படுக்கையில் விழுந்த பிறகு, சொல்லாமல் சாக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நேற்றே அவருக்குப் பார்வை போய்விட்டது.

"யாரும்மா வந்திருக்கறது? ஆபீசர்தானே?"

இல்லை என்று சொன்னால் வாயைத் திறக்க மாட்டார். அதிகாரி வரும்வரை தாங்கவும் மாட்டார். மூச்சு விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது.

"ஆமாப்பா. ஆபீசர்தான். சொல்லுங்க."

சொன்னார். சத்தியம் செய்துவிட்டு, நாள், சாட்சிகளின் பெயர், சமையல்காரனின் பெயர், ஒன்றும் விடாமல் சொன்னார். கடைசியில் "போதுமா சார்?" என்று குமாஸ்தாவிடம் கேட்டார். குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டு எழுதினான். அவன் நிமிர்ந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

நர்ஸ் வந்து பார்த்து, இறந்த நேரம் ஒன்று இருபது என்று கட்டில் அட்டையில் குறித்தாள்.

அதிகாரி ஒன்றே முக்காலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சாட்சிம்மா. என் முன்னாலதான் சொன்னாருன்னு எழுதி, நேரம் குறிச்சுக் கையெழுத்து போடுங்க."

போடாவிட்டால் அந்தச் சமையல்காரனுக்கு வேறு கதியில்லை. போட்டால், இனி வாசலில் எந்த வண்டி நின்றாலும், பொய்க் கையெழுத்துக்காகப் பிடிக்க வந்ததோ என்று எட்டிப் பார்க்க வேண்டும். அப்பா ஆறு வருடம் எப்படித் தூங்கினாரோ என்று நினைத்தாள்.

பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை மணின்னு எழுதட்டும் சார்?"

அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.