உள்ளே பற்றவைத்த அடுப்பு

...இல்லை, கணவர் சிகரெட்டே தொட்டதில்லை என்று சொல்லியிருக்கலாமே, டாக்டர் அவரை நம்பாமல் தன் பக்கம் திரும்பியபோது ஜலஜாவுக்கு ஏன் வாய் அடைத்துப்போயிற்று? நுரையீரலில் நிழல் தெரிகிறதாம், புற்றுநோயாக இருக்கலாமாம், நாளைக்குச் சதை எடுத்துப் பார்ப்பார்களாம், அதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமாம். வெற்றிலைகூடப் போடாத மனுஷர். ஆனால் ஆபீசில் என்ன செய்தாரோ, யார் கண்டது... வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து முகர்ந்தாள், வெட்கங்கெட்டு. புகை நாற்றம். ஆக, பொய், இத்தனை வருஷமும் பொய்! கூடத்தில் திருவேங்கடம் இருமினார், நன்றாக இருமட்டும் என்று நினைத்துவிட்டாள், நினைத்த மாத்திரத்தில் சட்டையை அவசரமாக ஆணியில் மாட்டினாள்.

சாயங்காலமாகிவிட்டது, லேக் கார்டன்ஸ் சந்தில் வீட்டுக்கு வீடு கரியடுப்பு வாசலுக்கு வந்தாயிற்று, மார்கழிக் குளிரில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடக்கிறது. குடிவந்த புதிதில் எதிர்வீட்டு வங்காளி மாலதி எத்தனை தடவை சொன்னாள், புகை அடங்கும்வரை வெளியே வையுங்கள் தீதி என்று, அக்கா முறை வைத்து... நன்றாயிருக்கிறது, மீன்காரி கூடை உரசும், போகிறவர் வருகிறவர் கால் படும், பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற அடுப்பு அங்கேயா? ஆசாரம் என்னாவது? அன்றிலிருந்து உள்ளேயேதான், மீன் வாசனை வராமல் ஜன்னலையும் சாத்திக்கொண்டு. இன்றும் வரட்டியை அடுக்கி, மேலே கரியைக் கொட்டி, பற்றவைத்தாள். மடிப்புடவையைத் தலைக்கு மேல் கொடியிலிருந்து இழுத்தாள், முகத்தில் விழுந்தது. அதே நாற்றம். துண்டை முகர்ந்தாள், அதே. தலையணை உறை, அதே. ஐயோ, இது அவர் சட்டை நாற்றமா, வீட்டு நாற்றமா?

"நீ போய் விளக்கேத்து, நான் விசிறறேன்." திருவேங்கடம் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்து அடுப்பின் முன்னால் குந்திவிட்டார், தினமும் போல.

"வேண்டாம், எழுந்திருங்கோன்னா!"

"ஏன்டி, நேத்து வரைக்கும் நான்தானே விசிறினேன்?"

நேற்று வரைக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவளுக்குக் கண் எரியுமே என்று. ஜலஜா அடுப்பைப் பிடியோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள், மீன்காரியாவது மண்ணாவது, மாலதியின் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள். மாலதி வாயைப் பிளந்தாள். புகை ஒரு சுற்றுச் சுற்றி, மற்ற புகைகளோடு சேர்ந்து, திறந்திருந்த ஜலஜாவின் வீட்டுக் கதவுக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. உள்ளே அவர் இருமுவது கேட்டது. இவர் சிகரெட் பிடிப்பதில்லை டாக்டர் என்று நாளைக்குச் சத்தியம் பண்ணிவிடலாம். பின்னே எது என்று கேட்டால்... ஆசாரம் என்று சொல்வதா?